பெட்டி மாட்ட ஒரு கொக்கி

எந்தக் கழிப்பறையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவள் முதலில் கேட்பது, "தாப்பா விழுதா?" என்றுதான். தண்ணீர், வெளிச்சம், நாற்றமெல்லாம் அதற்குப் பிறகு. அதனால் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குத் தாப்பாக்கா என்று பெயர் விழுந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர அங்கே ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவள் அவள். சம்பளத்தில் மூத்தவள் என்று சொல்ல முடியாது. பெயரை வைத்தவள் கல்யாணமாகி வேலையை விட்டுப் போய்விட்டாள். பெயர் மட்டும் வேலையில் தங்கிவிட்டது.

வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதனால் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பிவிட வேண்டும். தோளில் நீலப் பெட்டி. உள்ளே குளிர்க்கட்டிகள், ஊசிகள், ரத்தக் குழாய்கள், மூத்திரம் பிடித்த டப்பாக்கள். ஸ்கூட்டரில் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்த் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அதுவரை ஊரார் மூத்திரத்தை ஆடாமல் அலுங்காமல் சுமந்து திரிவாள். தன்னுடையதை இறக்கிவைக்கத்தான் இடம் இருக்காது.

போகிற வீட்டில் கேட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஒரு காலத்தில் அவளும் கேட்டிருக்கிறாள். ஒரு வீட்டம்மா, "அது வந்து... ரிப்பேர்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஃப்ளஷ் சத்தம் கேட்டது. இன்னொரு வீட்டில் தாராளமாக விட்டார்கள். விட்டுவிட்டு நிலையத்துக்குப் போன் செய்து, உங்கள் ஆட்கள் எங்கள் பாத்ரூமை உபயோகிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்கள். மறுநாள் சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "கஸ்டமர் வீட்டுல தண்ணி கேக்கலாம். தப்பில்ல. பாத்ரூம் மட்டும் கேக்கக் கூடாது." உள்ளே விடுவதற்கு அனுமதி உண்டு, வெளியே விடுவதற்கு இல்லை. சிரிக்கலாமா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு டப்பாவை நீட்டி, "முதல்ல வர்றது வேணாம்மா, நடுவுல வர்றதைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் நிற்பாள். உள்ளே கதவு சாத்தும். தாழ்ப்பாள் விழும். வீட்டுத் தாழ்ப்பாள்களெல்லாம் அருமையாக விழும். பிறகு தண்ணீர்ச் சத்தம். காலோடு காலைப் பின்னிக்கொண்டு சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். டப்பா வெதுவெதுப்பாகக் கைக்கு வரும்.

ஆக, நகரம் அவளுக்குக் கழிப்பறைகளாகத் தெரிய ஆரம்பித்தது. சந்தையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. குழாயை மூட முடியாது, அதனால். ஆனால் கூரையில் பாதி போய்விட்டது. எதிர்மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் மரியாதையாக வேறுபக்கம் பார்ப்பார்கள். பேருந்து நிலையத்தில் காசு கொடுத்துப் போகலாம். காசு வாங்குகிறவனுக்குப் பொறுமை கிடையாது. கொஞ்சம் தாமதமானால், "யாரும்மா அது, உள்ள குடித்தனமா?" என்று குரல் கொடுப்பான். நீதிமன்றத்தில் எல்லாமே சரியாக இருக்கும், பூட்டு உள்பட. சாவி பியூனிடம், பியூன் டீக்கடையில். பெட்ரோல் பங்கில் கேட்டால், "டேய், லேடீஸ் சாவி எங்கடா?" என்று ஒருவன் கத்துவான். பெட்ரோல் போட நிற்கிற அத்தனை தலைகளும் திரும்பும். நகைக்கடையில் இருப்பதுபோல் ஒரு கழிப்பறையை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சங்கிலியையாவது கழுத்தில் வைத்துப் பார்க்காமல் உள்ளே போக முடியாது. ஓரிரு முறை பார்த்தாள். அடுத்த முறை விற்பனைப் பெண்ணே, "சங்கிலியா பாக்கறீங்க, இல்ல நேரா போறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அதோடு நகைக்கடை போயிற்று.

இதில் பெட்டி வேறு. பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது, கையைவிட்டுப் பிரியக் கூடாது, வெளியே யாரிடமும் கொடுக்கக் கூடாது. பொதுக் கழிப்பறைகளின் தரை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திண்டு இருக்காது, ஆணி இருக்காது. கொக்கி என்ற ஒன்றைக் கண்டுபிடித்த செய்தியே அங்கெல்லாம் போய்ச் சேரவில்லை. பட்டையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, பெட்டியை மடியில் அணைத்து, ஒரு காலால் கதவை முட்டிக்கொண்டு உட்கார வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொள்வதைவிட இது கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்.

சக பெண்கள் எங்காவது மாட்டிக்கொண்டால் அவளுக்குத்தான் போன் செய்வார்கள்.

"அக்கா, கோர்ட்டுப் பக்கம் நிக்கிறேன். உயிர் போகுது."

"பியூன் இருக்கானா?"

"காணோம்."

"அப்ப பின்னாடி ஜெராக்ஸ் கடைக்குப் போ. கடைக்காரம்மா இருந்தா கேளு. அவர் மட்டும் இருந்தா கேக்காத."

"ஏங்க்கா, ஆளு சரியில்லையா?"

"ஆளு தங்கம். கதவுதான் சரியில்ல. அந்தம்மா இருந்தா வெளியில நின்னு பிடிச்சுக்கும்."

இப்படி எல்லோருக்கும் வழி சொன்னவள் தனக்கென்று வைத்திருந்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் அரை டம்ளர், அதுவும் மாத்திரை விழுங்க. பிறகு மத்தியானம் வீட்டுக்கு வந்துதான். உதடு வெடித்தது. தலைவலி கூடவே இருந்தது. போன வருடம் காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார்கள். இந்த வருடம் மறுபடியும் வந்தது. குளிரில் தூக்கிப் போட்டது. தன் ரிப்போர்ட்டை டாக்டருக்கு முன்னால் அவளே படித்துவிட்டாள். எந்த எண் எங்கே நிற்கக் கூடாதோ அங்கே நின்றது.

"தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்றாள் டாக்டரம்மா.

"குடிப்பேம்மா."

"பொய் சொல்லாதீங்க. அடக்குறீங்க, குடிக்காம இருக்கீங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி கெட்டுப்போகும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல. வேற வேலை பாக்க முடியாதா?"

வேறு வேலை. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். அவர் தினமும் வேலை தேடப் போவதும், திரும்பி வந்து விசிறியின் வேகத்தைக் குறை சொல்வதுமாக இருந்தார். வீடு அவள் சம்பளத்தில் நின்றது. டாக்டர் சொன்னதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"இதுக்கெல்லாமா டாக்டர்? ஊர் பூரா மரம் இருக்கு, சந்து இருக்கு. நாங்கள்லாம் என்ன, சீட்டு எழுதிக்கிட்டா போறோம்?"

"மரத்துக்குத் தாப்பா இருக்கா?" என்றாள்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் தாப்பா."

"ஆமா. உங்களுக்கு எதுக்கும் கிடையாது."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவளுக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அலுப்பாக இருந்தது.

வேலை வேண்டும், சிறுநீரகமும் வேண்டும் என்றால் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் அவள் சுற்றும் பாதையின் நடுவில், எல்லா நாளும் திறக்கிற ஒரு கதவு வேண்டும். மொத்தக் கணக்கும் அதில் வந்து நின்றது. நகரம் முழுவதும் தெரிந்தவளுக்கு அப்படி ஒன்று தெரியவில்லை.

அது கிடைத்தது தற்செயலாகத்தான். பெரிய கடைத்தெருவில் வங்கிக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு வக்கீலுக்கு ரத்தம் எடுத்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றில் கல் விழுந்ததுபோல் இருந்ததால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டாள். வாளியோடு மேலே ஏறி வந்த பெண் ஒரு நிமிடம் பார்த்தாள். கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். அங்கே எல்லோரும் அவளை மாடியம்மா என்று கூப்பிட்டார்கள்.

"அவசரமா?" என்றாள் மாடியம்மா.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. தலையை ஆட்டினாள்.

மூன்றாவது மாடியில் முன்பு ஏதோ பயிற்சி வகுப்பு நடந்திருக்கிறது. இப்போது காலி. வராந்தாவின் கடைசியில் மாடியம்மா ஒரு கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே போனவள் அப்படியே நின்றாள். மேலே கண்ணாடி ஜன்னல். வாளி நிறையத் தண்ணீர். சங்கிலி போட்டுக் கட்டாத சொம்பு. காய்ந்த தரை. தாழ்ப்பாள் இரும்பு, தள்ளினால் சுவருக்குள் போய் டக்கென்று உட்கார்ந்தது. கதவின் பின்பக்கம், தோள் உயரத்தில், ஒரு கொக்கி. பெட்டியை அதில் மாட்டினாள். இரண்டு கையும் சும்மா இருந்தன. கண் கலங்கிவிட்டது. பொதுக் கழிப்பறையில் நெடி தாங்காமல் கண்ணீர் விட்டவர்கள் இருக்கலாம். கொக்கியைப் பார்த்து விட்டவர்கள் இருக்க மாட்டார்கள்.

வெளியே வந்தபோது மாடியம்மா சொன்னாள்: "வேணும்னா தினம் வந்துக்க. மீட்டர் பொட்டிக்குப் பின்னாடி ஆணியில சாவி இருக்கும். ஆனா நீ மட்டும்தான். இந்த மாடி பூட்டியே கெடக்கணும்னு ஓனர் சொல்லியிருக்காரு. ரெண்டாவது ஆளு ஏறுறது தெரிஞ்சா என் பொழப்பு போச்சு."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க."

அந்தக் கோடை முழுக்க அவள் தண்ணீர் குடித்தாள். ஸ்கூட்டரில் பெரிய பாட்டில் ஒன்றை வாங்கி மாட்டினாள். சிக்னலில் நிற்கும்போது அண்ணாந்து குடிப்பாள். பக்கத்து வண்டிக்காரன் பார்த்தால் பார்க்கட்டும் என்று இன்னொரு வாய் குடிப்பாள். உதடு ஆறியது. தலைவலி எப்போது போனதென்றே தெரியவில்லை. மறுபடி பரிசோதித்தபோது எண்கள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தன. "பாத்தீங்களா?" என்றாள் டாக்டரம்மா, தான்தான் அந்தக் கொக்கியை அடித்துக் கொடுத்ததுபோல.

பெரிய கடைத்தெருப் பக்கமிருந்து யாராவது போன் செய்தால், "அங்க ஒண்ணும் கிடையாதும்மா, சந்தைக்குப் போயிடு" என்றாள். முதல் தடவை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. பிறகு பழகிவிட்டது.

புதுசு என்று ஒருத்தி இருந்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த பெயர். அவளுக்குப் பின்னால் யாரையும் சேர்க்காததால் அவள் புதுசாகவே இருந்தாள். வாய்த்துடுக்கு. தாப்பாக்காவை, "அக்கா, உங்களுக்கு ஒரு நாள் கக்கூஸ் வாரியத் தலைவர் பதவி கொடுக்கப் போறாங்க" என்று சீண்டுவாள். இப்போது வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. பிரசவத்துக்கு முன்னால் எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் ஓட்டிவிடலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை அவள் போன் செய்தாள். அவள் குரலாகவே இல்லை.

"அக்கா... பேங்க் வாசல்ல நிக்கிறேன். செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்கிறான். ஸ்டாஃபுக்கு மட்டுமாம்."

"சந்தை—"

"வண்டியில உக்காரவே முடியலக்கா. சந்தை வரைக்கும் தாங்காது. இங்கயே ஆயிடும் போல இருக்கு. எல்லாரும் பாக்கறாங்க." அழுதுகொண்டிருந்தாள்.

தாப்பாக்கா அப்போது ஒரு கிழவரின் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கியிருந்தாள். சொல்லலாமா என்று யோசித்ததாக அவளுக்கு நினைவில்லை.

"பக்கத்துக் கட்டடம். மூணாவது மாடி. மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி கையை விட்டுப் பாரு, ஆணியில சாவி இருக்கும். சத்தம் போடாம ஏறு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

சற்று நேரம் கழித்து மறுபடி போன் வந்தது. "அக்கா, அது கக்கூஸ் இல்லக்கா, அரண்மனை. இதைப் போயி இவ்வளவு நாளா ஒளிச்சு வச்சிருந்தீங்களே, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?" சிரித்தாள். தாப்பாக்காவும் சிரித்தாள்.

ஒரு தடவையோடு போகாது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. புதுசு தினமும் போனாள். தாப்பாக்கா வந்துபோன பிறகு, மாடியம்மா கீழ்த்தளத்தில் துடைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து ஏறினாள். மாடியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தாப்பாக்கா தினமும் நினைப்பாள். மாடியம்மா எதிரே வந்தால், "வெயில் தாங்கல இல்ல?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுவாள். பிரசவம் ஆகிவிட்டால் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்றிருந்தாள்.

அதற்குள் அது நடந்தது. புதுசு பெட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

கேட்கிறவர்களுக்கு, அதெப்படி மறக்க முடியும் என்று தோன்றும். தாப்பாக்காவுக்குத் தோன்றவில்லை. அவர்களெல்லாம் பெட்டியைச் சுமந்தபடியே உட்கார்ந்து பெட்டியைச் சுமந்தபடியே எழுந்து பழகியவர்கள். பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நினைவு அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அது உடம்போடு இருக்கும். கீழே வைக்க இடமிருந்தால்தானே மறக்க முடியும். மறக்க வசதியுள்ள முதல் இடத்தில் புதுசு மறந்தாள். அடுத்த வீட்டில் அழைப்பு மணியை அழுத்திவிட்டுத் தோளுக்குக் கை போனபோதுதான் பட்டை இல்லை என்று தெரிந்தது.

தாப்பாக்காவுக்குப் போன் வந்து, அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கட்டட வாசலில் கூட்டம் கூடியிருந்தது. கட்டட முதலாளி மூன்றாவது மாடியை வாடகைக்குப் பார்க்க யாரையோ கூட்டி வந்திருக்கிறார். பார்க்க வந்தவருக்கு எல்லாம் பிடித்துப்போய், கடைசியாகக் கழிப்பறைக் கதவைத் திறந்திருக்கிறார். நீலப் பெட்டி. திறந்தால் வரிசையாக ரத்தம், வரிசையாக மூத்திரம். இறங்கிப் போனவர் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"ஆஸ்பத்திரியா நடத்துற என் கட்டடத்துல?" முதலாளி மாடியம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "எத்தனை பேர்டி வர்றாங்க? ஆளுக்கு எவ்வளவு வாங்குற?"

"ஒரு பைசா வாங்கல சாமி."

"சும்மாவா விட்ட? யாரு காதுல பூ சுத்துற?"

காசு வாங்கியிருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்கும் போலிருந்தது. புதுசு படிக்கட்டோரம் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதலாளி மூடியை நிமிர்த்திப் பெட்டியில் இருந்த நிலையத்தின் பெயரைப் படித்துப் போன் செய்ய ஆரம்பித்தார்.

தாப்பாக்கா தெருவின் எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தி அதன்மேல் கை வைத்து நின்றாள். தெருவைக் கடந்து போக வேண்டும் என்று தெரிந்தது. ஒரு பேருந்து போனது. பின்னால் ஒரு லாரி போனது. அதற்குப் பிறகு தெரு காலியாகத்தான் இருந்தது.

மாடியம்மா செருப்பையும் ஒரு துணிப்பையையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராக அவளிடம் வந்தாள்.

"பொட்டின்ன உடனே உன்னுதாக்கும்னு நெனச்சேன்" என்றாள். "உன்னுதா இருந்தாக்கூடத் தேவல. உன்னை ஒருத்தியத்தானே நான் உள்ள விட்டேன்?"

செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்தினார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே பேசுகிறவர்.

"இடத்தை யார் காட்டினது?"

"நானா பாத்துக்கிட்டேன் சார்" என்றாள் புதுசு.

"மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி சாவி இருக்குன்னு நீயா எப்படிம்மா பாத்தே? கனவு வந்துச்சா?"

அறையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். நகரத்தில் ஒரு கழிப்பறையை யார் கண்டுபிடித்துச் சொல்லியிருக்க முடியும் என்பது குழந்தைக்கும் தெரியும். தாப்பாக்காவைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். புதுசும் தரையைத்தான் பார்த்தாள்.

பேனா தட்டிக்கொண்டிருந்தது.

நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை. தொண்டை வரை வந்தன. அங்கேயே புருஷனின் முகம் வந்தது, டாக்டரம்மா வட்டம் போட்ட எண் வந்தது, இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்பது வந்தது. கூட்ட நெரிசலில் அந்த இரண்டு வார்த்தைகளும் வெளியே வர முடியாமல் போயின. அடக்கி அடக்கிப் பழகிய உடம்பு, அதையும் அடக்கிவிட்டது.

"சரி" என்றார் சூப்பர்வைசர். "நீ வீட்டுல ரெஸ்ட் எடும்மா. பிரசவமெல்லாம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்." அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன யாரையும் அதற்குப் பிறகு யாரும் அங்கே பார்த்ததில்லை.

பெட்டியிலிருந்த ரத்தம் வீணாகிவிட்டதால் அத்தனை பேரிடமும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. தாப்பாக்காவைத்தான் அனுப்பினார்கள். கேட்டால் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். "எங்க ரத்தத்தை எங்கம்மா தொலைச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் தொழில்நுட்பக் காரணம் என்றாள்.

கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு இரும்புக் கதவு போட்டார்கள். ஸ்கூட்டரிலிருந்த பெரிய பாட்டிலைக் கழற்றி வீட்டில் வைத்தாள். புருஷன் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டார். காலையில் அரை டம்ளர், மாத்திரை விழுங்க.

வெயில் குறைந்து மழை பிடிக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில், அன்று போக வேண்டிய வீடுகளோடு ஒரு முகவரி வந்தது. பெயரைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. கர்ப்பிணிக்குச் சர்க்கரைப் பரிசோதனை. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்க நினைத்தாள். காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை.

நீளமான ஒரு சந்து. ஒரே கூரைக்குக் கீழே நான்கு குடும்பம். புதுசு கதவைத் திறந்து, "தாப்பாக்கா!" என்றாள், எதுவுமே நடக்காததுபோல. கால் வீங்கியிருந்தது. அவள் புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன், வாங்க என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

"இந்தக் கையில எடுங்க. இதுல நரம்பு நழுவும். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு நல்ல கையைத் தேய்ச்சுக் கழுவி வச்சிருக்கேன்" என்றாள் புதுசு.

"வாய் மட்டும் குறையலடி உனக்கு."

தாப்பாக்கா பெட்டியை மடியில் வைத்துத் திறக்கப் போனாள். வரும் வழியெல்லாம் தூறல், குளிர்காற்று. அடிவயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் அவள் எதையும் காட்டவில்லை. ஆனால் எதிரே இருந்தது அதே தொழில் செய்தவள்.

"முதல்ல போயிட்டு வாங்கக்கா. கடைசியில இருக்கு. நாலு வீட்டுக்கும் ஒண்ணுதான், ஆனா சுத்தமா இருக்கும். பெட்டியைக் குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

"வேணாம். எனக்கு ஒண்ணும் வரல."

"குடுங்கன்னா. எனக்குத் தெரியாதா?"

பட்டையைத் தோளிலிருந்து புதுசே கழற்றி எடுத்துக்கொண்டாள்.

தகரக் கதவு. தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஒரு பெரிய தொட்டியில் மூடி போட்டு வைத்திருந்தது. தரையில் யாரோ காலையில்தான் பிளீச்சிங் பொடி போட்டுத் தேய்த்திருந்தார்கள். அவளுடைய கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடிய இடம். உட்கார்ந்தாள். உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் பேச்சு கேட்டது. சுவர் அரைச் சுவர்தான். அதற்கு மேல் எல்லாமே ஒரே கூரை.

"இவங்கதானே அன்னிக்கு வாயே தொறக்காம நின்னவங்க?"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? உன் வேலையைக் காவு குடுத்துட்டு, இப்ப உன் வீட்டுலயே வந்து—"

"அவங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்ல. உடம்பும் சரியில்ல. சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் போயிருக்கும்."

"அப்படின்னு நீ அவங்களுக்கு ஞாயம் சொல்லிக்க."

பிறகு புதுசின் குரல், முன்னைவிடத் தாழ்வாக.

"சொல்லுவாங்கன்னுதான் நானும் நினைச்சேன். கடைசி வரைக்கும். அவர் ரெஸ்ட் எடும்மான்னு சொன்ன பிறகுகூட, இப்ப சொல்லிடுவாங்க, இப்ப சொல்லிடுவாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன்."

தாப்பாக்கா சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். வேலை முடிந்துவிட்டது, ஊற்ற வேண்டிய அவசியமில்லை. மறுபடி ஊற்றினாள். சத்தம் இருக்கும்வரை எதுவும் காதில் விழாது. இன்னொரு சொம்பு. இன்னொன்று. தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி மொண்டாள். தொட்டியில் அடி தெரிய ஆரம்பித்தது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணாக இருக்கும்.

"யாருங்க உள்ள? எவ்வளவு நேரம்? நாலு வீட்டுத் தண்ணி அது!"

அவள் இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினாள்.